ஜாரோத் தொட்டால்

1

இது நான் தேடிப் போன கதை இல்லை. எதிர்வீட்டு ஜாரோத் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பஸ் டிரைவர் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அக்கா, நீங்க கதை எழுதுறவங்கதானே?"

"ஏதோ எழுதுவேன். ஏன்?"

"என் பாம்புக்கு என்ன சீக்குன்னு எழுதிப் பாருங்களேன். டாக்டருக்குப் பிடிபடல. எழுதுறப்போ உங்களுக்காவது பிடிபடலாம்."

கதை எழுதினால் என்ன கிடைக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. நோய் தெரியுமா என்று கேட்டவன் இவன் ஒருவன்தான். ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுப்பதுபோல நடந்ததையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

(அவன் சொன்னது 'அக்கா' இல்லை. ஜாவா மொழியில் அதற்கு வேறு சொல். ஜாவாவிலுள்ள இந்த மாலாங்குக்கு வாழ வந்து எனக்குத் தலையும் நரைத்துவிட்டது, இன்னும் அந்தச் சொல் என் காதில் அக்கா என்றுதான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் எழுதிய தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு" — அத்தோடு விட்டேன். இந்த ஊரில் மழை விட்டால்தான் செய்தி.

அடுத்தது: "ஜாரோத் நல்லவன்." ஒருவனை நல்லவன் என்று தொடங்கினால் நீங்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து அவன் என்ன செய்தான் என்று பார்ப்பீர்கள். அதையும் அடித்தேன்.

சரி, பாம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2

பாம்பின் பெயர் பூலிக். இங்கே சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜாரோத்துக்குக் கல்யாணம் ஆகாத காலத்தில் பறவைச் சந்தையில் வாங்கிவந்த மலைப்பாம்புக் குட்டி அது. செருப்பு வார் அளவு இருந்ததாம். கொண்டுவந்து விட்டதும் மூலையில் போய்ச் சுருண்டு, வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கிடந்தது. "எங்க பூலிக்கும் கல்யாண வீட்ல இப்படித்தான் உக்காந்திருப்பாங்க" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான சித்திக்கு இன்றுவரை தெரியாது.

வெனிங்கைப் பெண் கேட்டுப் போனபோது அவள் தெளிவாகச் சொன்னாள்: "பாம்பு இருக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன்." பிறகு வந்தாள். வந்த வருஷமே பாம்புக்குக் காடை வாங்கப் போகிறவளும் அவளாகிவிட்டாள். அவன் ஜகார்த்தா பஸ் ஓட்டுகிறான். வண்டியிலேயே பாதி வாழ்க்கை. வீட்டில் அவளும் பூலிக்கும். எங்கள் தெரு முழுக்க டெம்பே வறுக்கிறவர்கள்தான். சோயாக் கட்டியை இலை போலச் சீவி, மாவில் தோய்த்து, எண்ணெயில் போட்டு எடுக்கும் வேலை. வெனிங் அடுப்படியில் நிற்கும்போது பூலிக் பின்னறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பக்கமாகவே தலையை வைத்துப் படுத்திருக்கும். சூட்டுக்காக என்பான் ஜாரோத். எனக்காக என்பாள் வெனிங்.

அவன் ஊரிலிருக்கும் நாட்களில் பாம்பு அவன் தோளை விட்டு இறங்காது. டிவியில் பூப்பந்து பார்ப்பான். அவன் தொடை கனத்துக்கு வளர்ந்துவிட்ட அந்த உடம்பு தோளிலிருந்து மடி, மடியிலிருந்து நாற்காலிக் கால் என்று வழிந்து கிடக்கும்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுதுவதில்லை என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். எழுதவில்லை.

3

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். ஊருக்குப் போகிற கூட்டத்துக்காக விட்ட கூடுதல் வண்டிகளையெல்லாம் ஓட்டி முடித்து, கண் சிவந்து வீட்டுக்கு வந்தான் ஜாரோத். குளித்தான். பெட்டியைத் திறந்து "சித்தி, கோவமா? லேட்டாத்தான் வந்தேன்" என்று இரு கைகளாலும் பூலிக்கைத் தூக்கினான்.

தூக்கிய கையில் அது செத்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று நிறைய யோசித்தேன். பிழியாத போர்வை மாதிரித் தொங்கியது என்றான் அவன். வயிறு மேலாகப் புரண்டது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. வெளியே வந்த நாக்கு உள்ளே போகவில்லை.

"நிங்! நிங், இங்க வா!"

வெனிங் மாவுக் கையோடு ஓடிவந்தாள். அவன் அதைத் தரையில் வைக்கவும் பயந்து, கையில் வைத்திருக்கவும் பயந்து நின்றான். அவள் வாங்கினாள். அவள் கையில் வந்த அடுத்த மூச்சில் உடம்பு இறுகியது. தலை திரும்பியது. நாக்கு உள்ளே போய் வெளியே வந்து காற்றைத் தொட்டது. முழங்கையைச் சுற்றிக்கொண்டு, காலையில் எழுந்த எந்தப் பாம்பும் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். "உங்கள நல்லா ஏமாத்திருச்சு மாஸ்" என்றாள் அவள். (மாஸ் என்பது மனைவி கணவனைக் கூப்பிடும் சொல். அண்ணன் என்றும் பொருள் உண்டு, அந்தக் குழப்பத்துக்குள் நான் போகவில்லை.)

சாயங்காலம் மறுபடி தொட்டுப் பார்த்தான். மறுபடி செத்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நானும் படித்துப் பார்த்தேன். எதிரியைக் கண்டால் செத்ததுபோலப் புரளும் பாம்புகள் வேறு தேசங்களில் உண்டாம். மலைப்பாம்பு அந்த வகை இல்லை. இருந்தாலும்கூட 'எதிரியைக் கண்டால்' என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

4

டாக்டர் லாராஸ் நிதானமான பெண். பூலிக்கின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் எடுத்தார். உண்ணி இல்லை, சளி இல்லை, முதுகெலும்பில் அடி இல்லை.

"உங்க கைல என்னென்ன வாசனை இருக்கும்?" என்று ஜாரோத்தைக் கேட்டார்.

"கிராம்பு சிகரெட்டு. டீசல். இடுப்புக்குத் தைலம் தடவுவேன்."

"எல்லாத்தையும் நிறுத்துங்க."

பள்ளிக்கூட நாளிலிருந்து விடாத சிகரெட்டை விட்டான். தைலத்தை விட்டு இடுப்பு வலியோடு வண்டி ஓட்டினான். சோப்பில்லாமல் குளித்தான். புகை மீசையில் தங்கும் என்று யாரோ சொன்னதால் மீசையை எடுத்தான். அந்த முகத்தைப் பார்த்து வெனிங் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மாஸ். எங்க கணக்கு வாத்தியார் இப்படித்தான் இருப்பாரு."

"அவர் தொட்டா பாம்பு செத்துச்சா?"

"அவர் தொட்டா நாங்க செத்தோம்."

அதுதான் அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை. இதை ஜாரோத் சொல்லவில்லை, நான் எதிர்வீட்டுக்காரி, எனக்குத் தெரியும்.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஒரு திரையைக் கட்டி வைத்திருந்தார். முதலில் ஜாரோத்தின் துவைக்காத டிரைவர் சட்டையை உதவியாளருக்குப் போட்டுவிட்டு அவரிடம் பாம்பைக் கொடுத்தார். பூலிக் சாவகாசமாக அவர் தோளில் ஏறிக் காதை முகர்ந்தது. பிறகு ஜாரோத்தைக் குளிக்கவைத்து, ஆஸ்பத்திரி அங்கி, ரப்பர் கையுறை, முகமூடி எல்லாம் மாட்டி, ஆஸ்பத்திரி ஆட்களோடு திரைக்குப் பின்னால் நிறுத்தினார். திரையிலிருந்த ஓட்டை வழியாகக் கைகள் மட்டும் ஒவ்வொன்றாக நீளும். எல்லாம் ஒரே மாதிரிக் கையுறை. பாம்பை ஏந்தியிருந்தது வெனிங். எது யார் கை என்று அவளுக்கே தெரியாது.

ஒரு கை தொட்டது. பாம்பு நாக்கை நீட்டி முகர்ந்தது. இன்னொரு கை தொட்டது. அதையும் முகர்ந்தது. அடுத்த கை தொட்டபோது வெனிங்கின் கையில் கனம் கூடியது. உயிர் இருக்கும்போது பாம்பு தன் கனத்தில் பாதியைத் தானே தாங்கிக்கொள்ளும். அதை விட்டுவிட்டது.

"மாஸ், கைய எடுங்க" என்றாள் திரையைப் பார்த்து.

கை போனது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜாரோத், இதுக்கு எங்கிட்ட பேர் இல்ல. ஒண்ணு கேக்கலாமா? நீங்க உங்க உடம்பப் பரிசோதிச்சுக்கிட்டீங்களா?"

"கம்பெனியில பண்ணாங்க டாக்டர். குதிர மாதிரி இருக்கேனாம்."

"அப்பச் சரி" என்றார் டாக்டர். ஆனால் அவன் கையுறையைக் கழற்றும்போது அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாரோத் அதைக் கவனித்தான். என்னிடம் சொல்லும்போது அந்த இடத்தில் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

5

இங்கேதான் கதை என் கையை மீறியது.

ஒரு விலங்கு ஒரு மனிதனைக் கண்டு சாகிறது என்றால், அவன் ஏதோ செய்திருக்க வேண்டும். வாசகர் அப்படித்தான் நினைப்பார், எழுதுகிறவளும் அப்படித்தான். பெருநாள் ஓட்டத்தில் ஒரு இருட்டான வளைவை வைத்தேன். அங்கே ஒரு சைக்கிள்காரர்

[அடித்தேன். அப்படி யாருமில்லை. அவன் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல்கூடக் கிடையாது.]

ஜகார்த்தா போகும் வழியில் செமாரங்கில் ஒரு சாப்பாட்டுக்கடை, அங்கே ஒரு பெண், அவளுக்கு அவன் கொடுத்த

[இதையும். அவன் செமாரங்கில் வண்டியை விட்டு இறங்குவதே கழிப்பறைக்குத்தான். கண்டக்டரையே கேட்டுவிட்டேன், வெட்கமாக இருந்தது.]

தெருவும் என்னைப் போலவேதான் எழுதிக்கொண்டிருந்தது. காகிதம் மட்டும் இல்லை. டெம்பே வறுக்கும் சுகினா, ஜாரோத் காதுபடவே சொன்னாள்: "பெருநாள் கூட்டத்துல எதையோ ஏத்திக்கிட்டு வந்துட்டான். டிக்கெட் எடுக்காம ஏர்றதுங்களும் ரோட்ல இருக்குதே."

"எங்க கண்டக்டர் விடமாட்டான்க்கா. செத்தவன்கிட்டயும் டிக்கெட் கேப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனான் ஜாரோத். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

அம்மாவை அடக்கிய கபருக்குப் போனான். "என்ன தப்புன்னு தெரியல, ஆனா மன்னிச்சிருங்கம்மா" என்றானாம்.

பூலிக்கின் நோயும் முற்றியது. முதலில் அவன் தொட்டால். பிறகு அவன் பின்னறைக்குள் வந்தால். பிறகு அவன் மோட்டார் பைக் தெருவுக்குள் திரும்பினால். அவன் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குத் திருடனைப் போல நடந்து வந்தான். பாம்பு இளைத்தது. காடையைத் தின்னும், அவன் வந்தால் கக்கிவிடும். அவன் முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்: "நிங், நீயும் நெனைக்கிறியா?"

"எத?"

"எங்கிட்ட ஏதோ இருக்குன்னு."

"குழம்பு ஆறுது மாஸ். சாப்பிடுங்க."

இதைச் சொல்லிவிட்டு ஜாரோத் என்னைப் பார்த்தான். "அக்கா, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று. பாம்பு செத்துப்போகிறது. அறுத்துப் பார்த்த டாக்டர் மூளையில் ஒரு கட்டியைக் காட்டுகிறார். ஜாரோத் அழுதுகொண்டே சிரிக்கிறான். (பாம்பு சாகவில்லை. அதோடு, அவன் ஏன் என்பதற்குக் கட்டி பதில் சொல்லாது.)

இரண்டு. பாம்பை வனத்துறையிடம் கொடுத்துவிடுகிறார்கள். வழியனுப்பப் போன ஜாரோத்தின் கையில் அது உயிரோடு சுற்றிக்கொள்கிறது. (எழுதும்போதே எனக்குக் கூசியது.)

மூன்று. ஜாரோத் தூங்கும்போது வெனிங் அவன் கையைத் தொட்டுப் பார்க்கிறாள். அது

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்த மதியம் வெனிங் வந்தாள். ஒரு பொட்டலம் டெம்பேயை மேசையில் வைத்துவிட்டு என் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"புழு புழுவா இருக்கு உங்க எழுத்து. இதான் அந்தக் கதையா?"

"ஆமா."

"அவர் சொன்னதா?"

"அவன் சொன்னதுதான். நீ எதுவும் சொல்லலையே."

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"இந்த எழுத்த இங்க யாராவது படிப்பாங்களா?"

"இந்த ஊர்லயா? யாருமில்ல."

"அப்ப எழுதிக்கோங்க" என்றாள். "அவர் ஜகார்த்தா போயிருந்தாரு. நல்ல மழை. அடுப்ப அணைச்சுட்டு பூலிக்க மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். செத்துப்போச்சு."

எனக்குப் புரியவில்லை. "அவன் போன்ல பேசினானா? குரலக் கேட்டு..."

"இல்லக்கா."

"அவன் துணி ஏதாவது பக்கத்துல?"

"அக்கா. அவரு அங்க இல்ல. நான்தான் இருந்தேன். என் கை."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"தரையில வுட்டேன், எந்திரிச்சுது. தொட்டேன், செத்துச்சு. மறுநாளும் அப்படியே. இப்பல்லாம் இடுக்கியாலதான் காடை போடறேன். சுகினாக்கா வந்து தடவுனா ஒண்ணும் ஆவல. நாங்க ரெண்டு பேரு தொட்டாத்தான்."

"ஜாரோத்துக்குத் தெரியாதா?"

அவள் பொட்டலத்தின் நூலைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள்.

"சொல்லிட்டா அவரு மேல இருக்கறது போயிரும். போயி எங்கக்கா நிக்கும்? எல்லாரும் அவரப் பாக்கற மாதிரி என்னப் பாப்பாங்க. அவரும் பாப்பாரு. நான் அவர அப்படிப் பாத்தேன், தெரியுமா? கையுறையைக் கழட்டறப்ப பாத்தேன். அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாது."

7

என்னால் நம்ப முடியவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: கணவனைக் காப்பாற்ற இவள் இட்டுக்கட்டுகிறாள் என்று நினைத்தேன். 'அப்படியானால் அவனிடமே சொல்லியிருப்பாளே' என்று அடுத்த கணமே தோன்றியது. வெனிங் என் முகத்தைப் படித்துவிட்டு, "வாங்க" என்றாள்.

பட்டப்பகல். ஜாரோத் இரவு முழுக்க ஓட்டிவிட்டு வந்து முன்னறையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் போனோம். அடுப்பில் எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. அவன் வீட்டுக்குள் இருந்ததால் பூலிக் எப்படியும் செத்த கோலத்தில்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இல்லை. தலையைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜாரோத். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்பல்லாம் இப்படித்தான்" என்றாள் வெனிங் மெதுவாக. "அவரு வீட்டுல இருந்தாக்கூட ஒண்ணும் ஆவறதில்ல. இந்த ரூம் பக்கம் அவரு வர்றதே இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?"

பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். தொட்ட இடத்திலிருந்து அது போகத் தொடங்கியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதுபோல என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அழகாக இல்லை. தசை தசையாகத் தளர்ந்தது. வயிறு மேலே வந்தது. வாய் திறந்தது. வெனிங் அதை அப்படியே என் கைகளில் போட்டாள். ஒரு பிணத்தைத் தாங்கினேன். பிறகு அந்தப் பிணம் குளிர்ச்சியாக என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. மேலே ஏறியது. என் முகத்துக்கு நேராக வந்து நின்று, நாக்கை நீட்டி, நான் யார் என்று பார்த்தது. நான் அவர்களுக்கு யாருமில்லை என்று தெரிந்துகொண்டதுபோல இருந்தது.

முன்னறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு நிங்?"

"அக்காதான் மாஸ். டெம்பே வாங்க வந்தாங்க."

"பூலிக் எப்படி இருக்கு?"

வெனிங் என்னைப் பார்த்தாள். பூலிக் என் தோளில் இருந்தது.

"இன்னிக்கு வேண்டாம் மாஸ்" என்றாள் குரலை உயர்த்தி. "அந்தப் பக்கமே இருங்க. முடியாம கெடக்கு."

"சரி, சரி. நான் வரல" என்றான் ஜாரோத்.

8

இன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்ததும் ஜாரோத் என் வீட்டுக்கு வந்தான். தோளில் பெரிய பை.

"ஜகார்த்தா டிப்போவுக்கே மாத்திக்கிட்டேன் அக்கா. அங்கேருந்து சுமத்ரா வண்டி. ரூம் இருக்கு. இனிமே இந்தப் பக்கம் வர வேண்டியதில்ல."

"வராமலே இருப்பியா?"

"பூலிக் சாப்பிடணும்ல? நிங் தனியா இருந்தா நல்லாத்தான் பாத்துக்கறா." செருப்பின் மண்ணைத் தரையில் தேய்த்தான். "எங்கிட்ட இருக்கறது அவளுக்கும் ஒட்டிக்கிச்சுன்னா? அதான்."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தான்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"என்ன சீக்குன்னு தெரிஞ்சுதா?"

அதற்கும் இல்லை என்றேன். அது பொய் இல்லை. ஆனால் சொல்லும்போதே தாள்களை என் பக்கம் நகர்த்தினேன். ஐந்து வருஷமாக இருட்டில் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவன் அவன், பின்னால் நடப்பது அவனுக்குத் தெரியும். தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இதுல என் பேர் எது?"

காட்டினேன். எழுத்துகளின் மேல் விரலை வைத்து ஓட்டினான். மீசை திரும்ப முளைத்திருந்தது. புரட்டினான். அதே வளைவுகளைத் தேடித் தேடிப் போனான். ஐந்தாவது பகுதி முழுக்கத் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தவன், அடுத்த தாளில் நின்றான்.

"இதுல நான் கொஞ்சமாத்தான் இருக்கேன். இது யார் பேரு? அடிக்கடி வருதே."

"வெனிங்."

வாசலுக்கு வெளியே, எதிர்வீட்டுப் படியில் வெனிங் நிற்கிறாள். சாரோங்கின் முனையால் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். இங்கே பேசுவது அவளுக்குக் கேட்காது. அவன் கையில் தாள்கள் இருப்பது தெரியும்.

"இந்தத் தாள் பூரா அவதான் இருக்கா" என்கிறான் ஜாரோத். பை இன்னும் தோளில். விரல் அவள் பெயரின் மேல். "அக்கா, இங்க என்ன பண்றா அவ? படிச்சுச் சொல்லுங்க."

இந்த ஊரில் யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவனிடம் கதையை வாங்கியிருக்கிறேன். வாயைத் திறந்தால் ஒருவருக்குத் துரோகம், மூடினால் இன்னொருவருக்கு. அதனால் இந்த வரியோடு பேனாவை மூடுகிறேன். அவன் விரல் வைத்திருப்பது ஆறாவது பகுதியில். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.